கேள்வித்தாள் மேல ‘ஏ2’ன்னு எழுதிட்டா அது ஏ2 ஆயிடுமா?

ஜெர்மனியில இருந்து ஒரு வாசகி எழுதியிருக்காங்க:

“வணக்கம் சார். இங்க ஒரு சின்ன ஊர்ல சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி நடத்துறோம். 7 வயசுல இருந்து 14 வயசு வரைக்கும் 40 பிள்ளைங்க, நாலு டீச்சர், எல்லாரும் வாலண்டியர்தான். இங்க எல்லா மொழிக்கும் ஏ1, ஏ2, பி1ன்னு லெவல் இருக்கே, நாமளும் அப்படியே சர்டிபிகேட் குடுக்கலாம்னு இந்த வருஷம் கமிட்டியில முடிவு பண்ணாங்க. நாங்க வழக்கமா வைக்கிற தாளையே எடுத்து மேல லெவல் பேரைப் போட்டோம். கோடிட்ட இடம், பொருத்துக, எதிர்ச்சொல், அஞ்சு குறள், ஒரு கட்டுரை. ரிசல்ட் வந்தப்பதான் உறுத்துச்சு. ஊர்ல இருக்கிற பாட்டிகிட்ட போன்ல அரை மணி நேரம் கதையடிக்கிற பையன் 31. வீட்ல தமிழே பேசாத பொண்ணு மனப்பாடம் பண்ணி 92. அவளுக்கு ஏ2 சர்டிபிகேட், பையனுக்கு ஒண்ணுமில்ல. பையனோட அம்மா எதுவும் கேக்கல, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமா இருக்கு. லெவலுக்கு ஏத்த மாதிரி கேள்வி எப்படி சார் எழுதுறது? இத்தனைக்கும் நானே இங்க வர்றதுக்கு முன்னாடி சென்னையில ஜெர்மன் ஏ1 பரீட்சை எழுதினவதான்.”

பதில்:

உங்க கடைசி வரியிலயே பாதி பதில் இருக்கு, அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். சென்னையில எழுதின அந்த ஏ1ஐ ஞாபகப்படுத்திப் பாருங்க. எழுத்துல என்ன வந்துச்சு? ஒருத்தரைப் பத்தி நாலு வரி தகவல் குடுத்து ஃபார்ம்ல அஞ்சு இடம் நிரப்பச் சொல்லியிருப்பாங்க, அப்புறம் ஒரு குட்டி லெட்டர், ஒரு 30 வார்த்தை. பேச்சுல பேரு, வயசு, ஊரு, தெரிஞ்ச மொழி, வேலை, பொழுதுபோக்குன்னு உங்களைப் பத்தி சொல்லிட்டு ஒரு கார்டு எடுத்திருப்பீங்க, மேல ‘சாப்பாடு’ன்னு தலைப்பு, நடுவுல ‘ரொட்டி’ங்கிற மாதிரி ஒரே ஒரு வார்த்தை, அதை வச்சு பக்கத்துல உக்காந்திருக்கவங்ககிட்ட ஒரு கேள்வி கேக்கணும். அப்புறம் படம் போட்ட கார்டு, அதுல இருக்கிறதை வச்சு ஏதாவது கேட்டு வாங்கணும். 100க்கு 60 எடுத்தா பாஸ். ஜெர்மன் கவிஞர் கதேயோட கவிதை நாலு வரி ஒப்பிக்கச் சொன்னாங்களா? எதிர்ச்சொல் கேட்டாங்களா? கேக்கல. ஏன்னா ஏ1னா என்னன்னு எழுதி வச்சிருக்கிற அட்டவணையில ‘சொந்த விவரம் கேக்குற ஃபார்மை நிரப்ப முடியும்’, ‘லீவுல இருந்து ஒரு சின்ன வாழ்த்து அட்டை எழுத முடியும்’னு இருக்கு, அதைத்தான் கேட்டாங்க. அந்த வாக்கியம்தான் கேள்வியோட அம்மா.

இந்த ‘முடியும்’ வாக்கியங்களுக்குத்தான் டிஸ்கிரிப்டர்னு பேரு. மொழித் திறமையை ஏ1ல இருந்து சி2 வரைக்கும் ஆறு படியாப் பிரிச்சு 2001ல ஐரோப்பிய கவுன்சில் போட்ட சிஇஎஃப்ஆர் புத்தகத்துல வந்தது, 2020ல இன்னொரு பெரிய வால்யூம் போட்டு விரிவாக்குனாங்க, ஏ1க்கும் கீழ ஒரு படியும் அதுல உண்டு. (ஐரோப்பிய கவுன்சில் வேற, ஐரோப்பிய யூனியன் வேற, கமிட்டியில யாராவது குழப்புவாங்க, நானே குழம்பியிருக்கேன்.) நாலு பேராசிரியருங்க ஏசி ரூம்ல உக்காந்து யோசிச்சு எழுதினதுன்னு நினைச்சுடாதீங்க. 90கள்ல சுவிட்சர்லாந்துல கிட்டத்தட்ட 300 டீச்சருங்க, 2800 மாணவர்களை வச்சு, எந்த வாக்கியம் எந்தப் படியில உக்காருதுன்னு கணக்குப் போட்டுப் பாத்து அடுக்குனது. அதுல எங்க தேடுனாலும் ‘எதிர்ச்சொல் எழுத முடியும்’னு ஒரு வாக்கியம் கிடைக்காது.

நாம பொதுவா செய்யிறது என்னன்னா கேள்வியை முதல்ல எழுதிடுறோம், அப்புறம் அது என்ன லெவல்னு யோசிக்கிறோம். இதைத் தலைகீழாத்தான் செய்யணும். முதல்ல வாக்கியத்தை எடுங்க. ‘இந்தப் பிள்ளையால இது முடியும்’னு நான் சத்தியம் பண்ணணும்னா அது என்ன செய்யிறதை நான் கண்ணால பாக்கணும்னு கேளுங்க. அதைச் செய்ய வைக்கிற மாதிரி என்ன சூழ்நிலை குடுக்கலாம்னு யோசிங்க. கேள்வியை எழுத வேண்டியது அதுக்கப்புறம்தான்.

ஒரு உதாரணத்தை முழுசாப் போட்டுக் காட்டுறேன். கடையில பொருள் வாங்குறது. ஊர்ப் பக்கத்துல ஒரு தமிழ்க் கடை இருக்கும்ல, அதையே வச்சுக்குவோம், டீச்சர்தான் கடைக்காரர்.

ஏ1க்கு அட்டவணை சொல்றது, பொருள் கேட்டு வாங்க முடியும், எண்ணிக்கை, விலை, நேரம் இதெல்லாம் சமாளிக்க முடியும், அவ்வளவுதான். அப்போ பிள்ளை கையில ஒரு படச்சீட்டு: அரிசிப் பை ரெண்டு, தேங்காய் ஒண்ணு, முறுக்கு ஒரு பாக்கெட். “ரெண்டு அரிசி வேணும்”னு சொன்னாலும் சரி, “இது ஒண்ணு”ன்னு கையைக் காட்டுனாலும் சரி. “எவ்ளோ?”ன்னு கேட்டு, நீங்க மெதுவா “நாலு யூரோ”ன்னு சொன்னா சரியா எடுத்துக் குடுத்துட்டா ஏ1 முடிஞ்சுது. இங்க போய் ‘கிலோ’ன்னு சொல்லலன்னு மார்க் குறைக்கக் கூடாது.

ஏ2ல கடையில சாதாரணமா நடக்கிற கொடுக்கல் வாங்கலை விசாரிச்சு முடிக்கணும். அதே கடை, ஆனா இப்போ சீட்டுல இருக்கிற முருங்கைக்காய் கடையில இல்ல, கையில பத்து யூரோதான் இருக்கு. “எப்ப வரும்?”, “சின்ன பாக்கெட் இருக்கா?”, “அப்போ கத்திரிக்காய் அரை கிலோ குடுங்க, அது எவ்ளோ?” பிள்ளை வாயில இருந்து கேள்வி வரணும். ஏ1ல ‘எவ்ளோ?’ மாதிரி ஒத்தைக் கேள்வி போதும், இங்க நிலைமைக்கு ஏத்த மாதிரி கேட்டு விசாரிக்கத் தெரியணும். நம்ம பரீட்சைங்கள்ல பிள்ளைங்க கேள்வி கேக்குற சந்தர்ப்பமே இருக்காது, கவனிச்சிருக்கீங்களா? டீச்சர் கேப்பாங்க, பிள்ளை பதில் சொல்லும். அப்படியே பி1 வரைக்கும் போயிடுவோம்.

பி1ல அட்டவணையே சொல்லுது: வழக்கத்துக்கு மாறான நிலைமையைச் சமாளிக்கணும், வாங்குன பொருளைத் திருப்பிக் குடுக்குறது மாதிரி, புகார் சொல்றது மாதிரி. கார்டுல போடுங்க: போன வாரம் வாங்குன துவரம்பருப்புல வண்டு இருந்துச்சு, அம்மா உன்னை அனுப்பியிருக்காங்க. பிள்ளை சொல்லணும், “போன சனிக்கிழமை இங்கதான் வாங்கினோம், வீட்டுக்குப் போயி திறந்து பாத்தா வண்டு இருந்துச்சு, அம்மா வேற பாக்கெட் வாங்கிட்டு வரச் சொன்னாங்க.” நீங்க கடைக்காரரா லேசா வம்பு பண்ணணும், “பில்லு இருக்கா?”, “உங்க வீட்ல டப்பாவை மூடாம வச்சிருப்பீங்க”. அதுக்கு அவன் ஒரு காரணம் சொல்லி நிக்கிறானா பாருங்க. திறந்து பாத்தா, வாங்கிட்டு வரச் சொன்னாங்க, வந்துச்சுன்னு சொன்னாங்க, இந்த மாதிரி ஒரு வினை மேல இன்னொரு வினையைக் கோக்குற அமைப்பு தானா வெளிய வரும், இலக்கணக் கேள்வி தனியா வேண்டியதே இல்ல. பி2க்கு அட்டவணையில இருக்கிற உதாரணம், செய்யாத தப்புக்குப் போட்ட டிராஃபிக் ஃபைனை எதிர்த்து வாதாடி ஒரு முடிவுக்குக் கொண்டு வர்றது. உங்க பள்ளிக்கு இப்போதைக்கு அது வேண்டாம், விட்டுடுங்க.

இங்க ஒண்ணைப் பாருங்க. கடை மாறல, பொருளும் பெருசா மாறல. ‘துவரம்பருப்பு’ பி1 வார்த்தை கிடையாது, ஏ1 பிள்ளைக்குக் கூட தெரிஞ்சிருக்கலாம், தெரியலன்னா படம் போட்டுட்டுப் போங்க. அந்த வார்த்தையை வச்சு பிள்ளை செய்யிற வேலைதான் மாறுது. நானும் ஆரம்பத்துல இதுல நல்லா அடி வாங்கியிருக்கேன். ஒரு இடத்துக்கு பி1 பேச்சுத் தேர்வு தயாரிச்சப்ப ‘மழைநீர் சேகரிப்பு பற்றி உன் கருத்து’ன்னு போட்டேன், பெரிய மனுஷத்தனமான தலைப்பு, அதனால பி1தான்னு நினைச்சேன். பன்னெண்டு வயசுப் பொண்ணு ஒருத்தி ரெண்டு நிமிஷம் மேல பாத்துட்டு உக்காந்திருந்தா. அப்புறம் நான் மனசு கேக்காம “சரி, கடைசியா ஊருக்குப் போனப்ப என்ன ஆச்சு?”ன்னு கேட்டதும் ஏர்போர்ட்ல பெட்டி தொலைஞ்ச கதையை அப்பா திட்டினது, அம்மா அழுதது, பெட்டி மூணு நாள் கழிச்சு ஆட்டோவுல வந்ததுன்னு மூச்சு விடாம சொன்னா. அட்டகாசமான பி1. நான் சோதிச்சது அவ தமிழை இல்ல, மழைநீரைப் பத்தி அவளுக்கு அபிப்பிராயம் இருக்கான்னு. எந்த மொழியில கேட்டிருந்தாலும் அவ மேலதான் பாத்துட்டு இருந்திருப்பா.

அப்புறம் கார்டுல இருக்கிற இன்ஸ்ட்ரக்‌ஷனை ஜெர்மன்ல போடுங்க. சிலருக்குக் கோபம் வரும், தமிழ்ப் பரீட்சையில ஜெர்மனான்னு. தமிழ் எழுத்து வாசிக்கத் தடுமாறுற பையனுக்குத் தமிழ்ல கார்டு குடுத்தா பேச்சுத் தேர்வு வாசிப்புத் தேர்வா மாறிடும். உங்க 31 மார்க் பையனுக்குக் கூட பாதி கேள்வியில என்ன செய்யணும்னே புரிஞ்சிருக்காதுன்னு சந்தேகப்படுறேன். ‘பொருத்துக’ங்கிற வார்த்தையைப் பாட்டி போன்ல சொல்லவே மாட்டாங்களே.

பாட்டின்னதும் தமிழோட தலையாய சிக்கல் வந்துடுச்சு. ஜெர்மன்ல பேசுறதுக்கும் எழுதுறதுக்கும் இருக்கிற தூரம் கொஞ்சம், நமக்கு அது ஒரு ஆறு. “வீட்டுக்குப் போறேன்”னு பிள்ளை சரியாத்தான் சொல்லுது, நாம “வீட்டிற்குச் செல்கிறேன்”னு சொன்னாத்தான் மார்க்குங்கிறோம். அட்டவணை எழுதினவங்க இந்தப் பிரச்சினையை நமக்காகத் தீர்த்து வைக்கல, நாமதான் ஒவ்வொரு டாஸ்க்குக்கும் இது எந்தத் தமிழ்னு முன்கூட்டியே முடிவு பண்ணி எழுதி வைக்கணும். சிங்கப்பூர்ல இதை நேருக்கு நேரா எடுத்துக்கிட்டாங்க. 2005ல தமிழ்ப் பாடத்திட்டத்தை அலசின குழு பேச்சுத் தமிழை வகுப்புல கத்துக்குடுக்கணும்னு பரிந்துரை பண்ணுச்சு, அதுக்கப்புறம் 2010ல தாய்மொழிகளை மறுஆய்வு செஞ்ச குழு இந்த மாதிரி ‘முடியும்’ வாக்கியங்களையே கொண்டு வந்துச்சு, அதுலயும் பேசுறது தனி, ஒருத்தரோட பேசிப் பழகுறது தனின்னு பிரிச்சு.

என் வழக்கம் இது: பேசுறது, உரையாடுறது எல்லாம் பேச்சுத் தமிழ், சென்னையோ மதுரையோ யாழ்ப்பாணமோ வீட்ல என்ன பேசுறாங்களோ அது. “போறன்”னு சொன்னாலும் முழு மார்க். நிஜ வாழ்க்கையில எழுத்துத் தமிழ் எங்க காதுல விழுதோ அங்க மட்டும் எழுத்துத் தமிழ், “பயணிகளின் கனிவான கவனத்திற்கு” மாதிரி ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு, செய்தி. கேட்டல் தேர்வுக்கு யாராவது ஒரு மாமாவைப் பிடிச்சு ஸ்கிரிப்ட் குடுத்து வாசிக்கச் சொல்லாதீங்க, வானொலி நிலையம் மாதிரி ஆயிடும். தாத்தா பாட்டிகிட்ட சொல்லி வாட்ஸப்புல வாய்ஸ் மெசேஜ் வாங்குங்க, விஷயத்தை மட்டும் சொல்லுங்க, வார்த்தையை அவங்க போட்டுக்கட்டும். “கண்ணு, வெள்ளிக்கிழமை இல்ல, சனிக்கிழமைதான் வர்றோம், ட்ரெய்ன் காலையில ஆறரைக்கு”ன்னு வந்தா, என்னைக்கு வர்றாங்க, எத்தனை மணிக்கு, ரெண்டு கேள்வி. நல்ல ஏ2.

வாசிப்புல இன்னொரு தப்பு நடக்கும். பாடம் கஷ்டம்னா லெவல் கூடன்னு. ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கோங்க, “நிகழும் மங்களகரமான” அப்படின்னு ஆரம்பிச்சு எங்க வீட்டுப் பெரியவங்களுக்கே பாதி புரியாது. ஆனா ‘எத்தனாம் தேதி, எந்த மண்டபம், சாப்பாடு எத்தனை மணிக்கு’ன்னு கேட்டா ஏ2 பிள்ளை கண்ணை ஓட்டிப் பிடிச்சுடும், தேவைப்படுற தகவலைத் தேடி எடுக்குறதுதான் அங்க வேலை. அட்டவணை என்னமோ எளிமையான அன்றாடத் தாளுங்கதான்னு சொல்லுது, அதனால நான் பத்திரிகையோட மேல் பாதியை வெட்டிட்டுத்தான் குடுப்பேன். இதுக்கு நேர்மாறா, நாலே வரி வாட்ஸப் சண்டையைக் குடுத்து “அத்தைக்கு ஏன் கோவம்?”னு கேட்டா, ஒவ்வொரு வார்த்தையும் தெரிஞ்ச பிள்ளை கூட திணறும். தாளையும் கேள்வியையும் சேர்த்துத்தான் லெவல் பாக்கணும்.

மார்க் போடுற இடத்துக்கு வருவோம், சண்டை வரப்போறது இங்கதான். ஏ2 எழுத்துப்பிழையைப் பத்தி அட்டவணை சொல்றது: வாயில பழகின சின்ன வார்த்தைகளை ஓரளவு காதுல கேக்குற மாதிரி எழுத முடியும், முழுக்க சரியான ஸ்பெல்லிங்கா இருக்கணும்னு அவசியமில்ல. அப்போ ஒரு பிள்ளை ‘நேத்து பல்லிகூடம் போனேன்’னு எழுதுனா, பல்லிங்களுக்கு ஒரு கூடமான்னு நாம சிரிச்சுக்கலாம், மார்க்ல கை வைக்கக் கூடாது. ஏ2 பேச்சுக்கும் அப்படித்தான், எளிய அமைப்புகளைச் சரியா சொல்லும், ஆனா அடிப்படைத் தப்பு தொடர்ந்து வந்துட்டே இருக்கும்னு அட்டவணையிலயே எழுதியிருக்கு. தப்பே இல்லாம பேசுனாத்தான் ஏ2ன்னா அது ஏ2 இல்ல. றகர ரகரம், மூணு ‘ன’ இதெல்லாம் ரெட் இங்க்ல சுழிக்கிறது நம்ம கைக்குப் பழகிப்போன வேலை, நிறுத்துறது கஷ்டம்னு தெரியும். வேணும்னா நோட்டுல சுழிச்சுக் குடுங்க, பரீட்சையில வேண்டாம்.

பேச்சுக்கு 2001 அட்டவணையில அஞ்சு பத்தி இருக்கு, வார்த்தை வளம், பிழையின்மை, சரளம், உரையாடல், கோர்வை. சனிக்கிழமை மத்தியானம் 40 பிள்ளையை நாலு டீச்சர் பாக்கணும்னா அஞ்சும் ஆகாது. குடுத்த வேலை முடிஞ்சுதா, எதிர்ல இருக்கிறவருக்குப் புரிஞ்சுதா, பேச்சு அறுபடாம போச்சா, மூணு போதும். அமெரிக்காவுல மொழி ஆசிரியர்களுக்கான ஆக்ட்ஃபில்ங்கிற அமைப்போட வாய்மொழித் தேர்வுல ஒரு நல்ல பழக்கம் இருக்கு, நானும் அதைத் திருடிக்கிட்டேன்: பிள்ளை சௌகரியமா இருக்கிற படியில கொஞ்ச நேரம் பேச விட்டுட்டு, ஒரு படி மேல ஒரு கேள்வி போட்டுப் பாக்குறது, எங்க தடுமாறுதுன்னு தெரியிற வரைக்கும். அப்புறம் திரும்ப ஈஸியான கேள்விக்கு இறங்கி வந்து முடிக்கணும், பிள்ளை சிரிச்சுட்டே எழுந்து போகும். பாட்டி பையன் கிட்ட முதல்ல ஏ1 கார்டு குடுத்தீங்கன்னா ஒரு நிமிஷத்துல முடிச்சுட்டு ‘இவ்ளோதானா’ன்னு பாப்பான்.

எந்த இலக்கண அமைப்பு எந்த லெவல்னு டிஸ்கிரிப்டர்ல இருக்காது, எல்லா மொழிக்கும் பொதுவா எழுதினதாச்சே. தமிழுக்கு அதை நாமதான் போட்டுக்கணும். நான் எனக்குன்னு வச்சிருக்கிற கணக்கு, வேணும், வேண்டாம், இருக்கு, பிடிக்கும், -க்கு, -ல ஏ1. இறந்தகாலம் ஆளுக்கு ஏத்த மாதிரி மாறுறது, -லாம், -ணும், ஏன்னா, ஏ2. -ட்டு, -ன்னு, -ஆ போட்டு ‘மழை வந்தா’ன்னு சொல்றது, ‘நேத்து வாங்குன சட்டை’ மாதிரி பெயரெச்சம், பி1. இது வேதம் இல்ல, உங்க பிள்ளைங்களைப் பாத்து மாத்திக்கோங்க, குறிப்பா வீட்ல தமிழ் பேசுற பிள்ளை -ன்னு போட்டுப் பேசும், ஆனா தன் பேரை எழுதத் தெரியாது.

அதனாலதான் ஒத்தை சர்டிபிகேட் வேண்டாங்கிறேன். உதாரணமா பையனுக்கு, கேட்டல் பி1, பேச்சு பி1, வாசிப்பு ஏ1க்குக் கீழ, எழுத்து இன்னும் இல்ல. இப்படி நாலு கட்டம் போட்ட தாள் குடுங்க, இந்த அட்டவணையே அப்படி ஆளுக்கொரு புரொஃபைல் போடத் தோதாத்தான் இருக்கு. அந்த 92 பொண்ணுக்கும் அதுவே போடுங்க, வாசிப்பு, எழுத்து அவளுக்கு நல்லாவே வரும். குடுத்த சர்டிபிகேட்டைத் திருப்பி வாங்காதீங்க, கேட்டதை அவ ஒழுங்கா எழுதியிருக்கா, தப்பாக் கேட்டது நாம. குறளையும் விட்டுடாதீங்க, ஆண்டு விழாவுல ஒப்பிக்கிற போட்டி வச்சு கப்பு குடுங்க, லெவல் தாள்ல மட்டும் கலக்க வேண்டாம். தாள்ல ‘இந்தப் பள்ளியோட மதிப்பீடு’ன்னு ஒரு வரி போட்டுடுங்க. ஐரோப்பிய கவுன்சில் யாரோட பரீட்சைக்கும் முத்திரை குத்துறதில்ல, ஆனா பாக்குறவங்க அப்படித்தான் நினைச்சுக்குவாங்க.

கேள்வி எழுதுறதுக்கு முன்னாடி நாலு டீச்சரும் ஒரு சாயங்காலம் யார் வீட்டுலயாவது உக்காருங்க. பெரியவங்களுக்கு எழுதின அட்டவணை நேரா பிள்ளைங்களுக்குப் பொருந்தாது, ஹோட்டல் ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போடுற வேலை எட்டு வயசுக்கு இல்ல. அதுக்காகவே 7 முதல் 10, 11 முதல் 15ன்னு ரெண்டு வயசுப் பிரிவுக்குத் தனித்தனியா தொகுத்த வாக்கியங்கள் ஐரோப்பிய கவுன்சில் தளத்துல இலவசமா கிடைக்குது, உங்க பள்ளிக்குன்னே அளவெடுத்த மாதிரி. அதை பிரிண்ட் எடுத்து, லெவல் பேரை வெட்டிட்டு, சீட்டு சீட்டா நறுக்கி மேஜையில கொட்டி, எது ஏ1 எது ஏ2ன்னு ஆளாளுக்கு அடுக்குங்க. நாலு பேரும் நாலு விதமா அடுக்குவீங்க, அந்தச் சண்டை நடக்கட்டும், பஜ்ஜி போட்டுக்கோங்க. அது முடியாம பாஸ் மார்க் பத்திப் பேசாதீங்க. பாஸ் மார்க்குக்கும் 35, 40ன்னு பழக்க தோஷத்துல போடாம, ‘ஏ2வுக்குள்ள அப்பத்தான் கால் வைக்கிற பிள்ளைங்க பத்துப் பேரைக் கற்பனை பண்ணு, இந்தக் கேள்விக்கு எத்தனை பேர் சரியா சொல்லும்?’னு ஒவ்வொரு கேள்விக்கும் நாலு பேரும் தனியா நம்பர் எழுதி, சராசரி எடுத்துப் பத்தால வகுங்க, கேள்விக்கு ஒரு மார்க்னா அதையெல்லாம் கூட்டுனா வர்றதுதான் அந்தத் தாளோட கோடு.

முதல் தாளை எல்லாருக்கும் வைக்காதீங்க, அஞ்சு பிள்ளைங்ககிட்ட போட்டுப் பாருங்க. அந்த அஞ்சுல இந்த ரெண்டு பேரும் இருக்கட்டும். வண்டு கார்டை பையன்கிட்ட குடுக்கும்போது அவன் அம்மாவை வெளிய நிக்க வைக்காம, பின்னாடி ஒரு நாற்காலி போட்டு உக்காரச் சொல்லுங்க.